பதினான்கு நீல டேப்பும் ஒரு நாயும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்தை நானே மறுநாள் படிக்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ‘ர’ எங்கே, ‘ற’ எங்கே என்பது இன்றுவரை எனக்குக் குத்துமதிப்புதான். பிழை இருந்தால் திருத்திக்கொள்வதாக ஃபர்ஹானா சொல்லியிருக்கிறார். இதை எழுதச் சொன்னவரும் அவர்தான், இங்குள்ள தமிழ்ச் சங்க மலருக்காக. ஆனால் ஃபர்ஹானாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பர் துபாயில் துணிக்கடை வைத்திருக்கும் அவருடைய வாப்பா படித்துக் காட்டுவாராம். ஆகவே காயல்பட்டினத்து வாப்பா அவர்களே, பிழைகளை மன்னிக்கவும்.

என் பெயர் பழனிவேல். ஊர் அரியலூர்ப் பக்கம். வளைகுடாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. பூச்சு வேலை, சுவரை மழமழப்பாக்கும் புட்டி மாவு வேலை, பெயிண்ட். பேசுவது எனக்கு வராது. கடையில் டீ கேட்டு காபி கொடுத்தால் குடித்துவிட்டு வருகிற ஆள். இந்தக் குணத்தால் கெட்டுப்போனது அதிகம். அதில் பெரியது, ஐரோப்பாக்காரர்கள் இருநூறு வருடம் பாடுபட்டுச் செய்த ஒரு மாற்றத்தை நான் ஒரே சனிக்கிழமையில் திருப்பி வைத்தது.

போன வருடக் கோடையில் நான் கடலோரம் இருக்கும் ருவைஸில் இருந்தேன். ஆலை வேலை, திறந்த வெளி, சாரத்தின் மேல் நின்று பூச்சு. ஒருநாள் காலை பத்து மணிக்கே கண் இருட்டி விழுந்துவிட்டேன். நல்லவேளையாகச் சாரத்தின் உள்பக்கம் விழுந்தேன். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஊரிலிருந்து என் மனைவி செல்வராணி போனில் சத்தியம் வாங்கினாள்: “அடுத்த வருஷம் வெயில்ல நிக்கக் கூடாது. நின்னீங்கன்னு தெரிஞ்சா நானே வந்து கூட்டிக்கிட்டு வந்துருவேன்.” (அவளுக்கு பாஸ்போர்ட் கிடையாது. இருந்தாலும் பயந்தேன்.)

அந்தச் சத்தியத்துக்கு ஏற்ற மாதிரி இந்த வருடம் அபுதாபியில் உள் வேலை கிடைத்தது. ஒரு பெரிய மண்டபம். பழைய காலத்து ஓவியங்களைப் பற்றிய கண்காட்சி வரப்போகிறது. சுவர்களுக்குப் புட்டி வைத்து, தேய்த்து, பெயிண்ட் அடிக்க வேண்டும். மண்டபம் முழுக்க ஏசி. இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக ஆகஸ்ட் மாதத்தில் எனக்குக் குளிரெடுத்தது. செல்வராணியிடம் சொன்னேன். “ஸ்வெட்டர் வேணுமா?” என்று கேட்டாள். ஒரே ஒரு பயம்தான் இருந்தது. எங்கள் ஃபோர்மேன் இக்பால் பாய் செவ்வாய்க்கிழமைதோறும் ருவைஸுக்கு ஒரு பஸ் ஆள் அனுப்புவார். யார் மேல் கோபமோ அவர் பெயர் பஸ்ஸில் ஏறும். நான் அவர் கண்ணில் படாமல், எந்தத் தப்பும் செய்யாமல், கோடை முடியும்வரை சுவரோடு சுவராக இருந்துவிட வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

மண்டபத்தின் கோடியில் ஒரு சுவரை எங்களிடம் தரவில்லை. அதில் இத்தாலியிலிருந்து வந்த லுச்சியா மேடம் படம் வரைந்துகொண்டிருந்தார். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் அவர்கள் ஊரில் எப்படி வரைந்தார்களோ அதே முறையில், பார்க்க வருகிறவர்களுக்கு விளங்குவதற்காக. அறுபது வயது இருக்கும். கை முழுக்கச் சுண்ணாம்பு. அதைப் பார்த்தே எனக்கு மரியாதை வந்துவிட்டது. மேடத்துக்கு உதவிக்கு இருந்தவர்தான் ஃபர்ஹானா. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். என்னை அங்கிள் என்பார். நான் தலையை ஆட்டுவேன். இரண்டு வாரத்தில் எங்களுக்குள் நடந்த உரையாடல் அதுதான்.

என் மூலையிலிருந்து மேடத்தின் வேலையைத் தினமும் பார்த்தேன். படம் அருமை. ஒரு முற்றம், தூண்கள், நடுவில் ஒரு ஆள் பெரிய புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிறான், சுற்றி எட்டுப் பேர் கேட்கிறார்கள், காலடியில் ஒரு நாய். (தரையில் டைல்ஸ் மட்டும் போகப் போகச் சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு சைஸ் ஒழுங்காக இல்லையே என்று எனக்குக் குறை. தூரத்தைக் காட்டுவதற்காக அப்படி வரைவதை அவர்கள் அந்தக் காலத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்களாம். அது பிறகுதான் தெரியும்.)

ஆனால் பூச்சு? கேவலம். காலையில் ஒரு துண்டு அளவுக்குச் சுண்ணாம்பு பூசுவார். ஈரம் காய்வதற்குள் அதன் மேல் வரைவார். சாயங்காலம், வரையாமல் மிச்சமிருக்கிற பூச்சைக் கத்தியால் சரிவாக வெட்டி எறிந்துவிட்டுப் போவார். மறுநாள் அதை ஒட்டி இன்னொரு துண்டு. பதினான்கு நாள், பதினான்கு துண்டு. துண்டுக்குத் துண்டு ஜாயின்ட் பல்லைக் காட்டியது. பூச்சில் ஜாயின்ட் தெரிந்தால் எங்கள் பக்கத்தில் கொத்தனாருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். நல்ல ஓவியர், ஆனால் மேஸ்திரி வேலை சொல்லித்தர ஆள் இல்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை முடிகிற நேரத்தில் இன்ஜினியர் டார்ச் அடித்துக்கொண்டு சுவர் சுவராக வருவார். எங்கெங்கே குறை தெரிகிறதோ அங்கே நீல டேப் ஒரு துண்டு ஒட்டி, அதில் நம்பர் போட்டுவிட்டுப் போவார். அந்தக் குறைக்கு ஸ்நாக் என்று பெயர். நாங்கள் ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்து, புட்டி வைத்து, தேய்த்து, கலர் கொடுத்து, டேப்பை உரித்து ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டுவோம். இன்ஜினியர் அட்டையை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கலாஸ், வேலை முடிந்தது. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எனக்காகவே கண்டுபிடித்த முறை அது. இருபத்திரண்டு வருடத்தில் என் கையால் ஆயிரக்கணக்கான நீல டேப்பை உரித்திருக்கிறேன். நீல டேப்பைப் பார்த்தால் மூளையைக் கேட்காமலே கை புட்டியைத் தேடும்.

அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு டியூட்டி. மண்டபத்துக்காரர்களுக்கு விடுமுறை. திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. என் பங்குக்கு இருந்த ஸ்நாக்குகளை முடித்துவிட்டுக் கோடிக்குப் போனேன். மேடத்தின் சுவரில் நீல டேப். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினான்கு வரை, ஒவ்வொரு ஜாயின்டின் ஓரத்திலும், அழகான கையெழுத்தில்.

அப்பாடா, இன்ஜினியர் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

என் கையிலிருந்த பட்டியலில் அந்தச் சுவர் இல்லை. அதைக் கவனித்தேன், மறைக்கவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் கேட்க வேண்டுமென்றால் இக்பால் பாய்க்குப் போன் செய்ய வேண்டும். அவர் கண்ணில் படாமல் இருப்பதுதானே என் திட்டம்? ஃபர்ஹானாவின் நம்பர் கதவில் ஒட்டியிருந்தது. விடுமுறை நாளில் ஒரு பெண் பிள்ளைக்குப் போன் செய்து, முதலில் வணக்கம் சொல்லி, நான் யாரென்று சொல்லி… நினைத்தபோதே ஏசியிலும் வேர்த்தது. கேட்பதைவிடச் செய்துவிடுவது சுலபம். என் வாழ்க்கையின் பாதி வேலைகளை அப்படித்தான் செய்திருக்கிறேன்.

ஒன்றாம் நம்பரில் ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, உயிரைக் கொடுத்துச் செய்தேன். வெள்ளைப் புட்டி தெரியும் என்று, பின்னணியில் இருந்த மண் நிறத்துக்குப் பொருத்தமாக மஞ்சளும் காவியும் கலந்து, நாலு தடவை வைத்துப் பார்த்து, கலரைப் பிடித்தேன். ஜாயின்டுகள் பெரும்பாலும் தலையைச் சுற்றிச் சுற்றிப் போயின. ஒரு முகத்துக்கு ஒரு நாள் என்று மேடம் வரைந்திருந்தார். ஆகவே ஒவ்வொரு தலையையும் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் புட்டி இழுத்தேன். நாயின் தலை தரையோரத்தில் இருந்தது. ஆட்களின் கால் படுகிற இடம், உதிர்ந்துவிடுமே என்று அதற்கு மட்டும் பசை கூடுதலாகக் கலந்து இரண்டு கோட் கொடுத்தேன். பதினான்காம் நம்பர் ஒரு மூலை. அங்கே படமே இல்லை. சொரசொரப்புச் சுவரில் சிவப்பாகக் கோடுகள் மட்டும் கிறுக்கியிருந்தது. பாவம், முடிக்க நேரமில்லை போல என்று அதையும் மழமழவென்று மூடிக்கொடுத்தேன்.

சாயங்காலம் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு ஜாயின்ட் தெரியவில்லை. பதினான்கு டேப்பையும் அட்டையில் வரிசையாக ஒட்டி, அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டேன். அன்று பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வந்தேன். பொதுவாக அந்த சீட்டை நான் யாரிடமும் கேட்பதில்லை.

திங்கட்கிழமை காலை மேடம் வந்தார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார், ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தார். வழியிலேயே மறித்து (நான், ஒரு ஆளை, மறித்து) அட்டையையும் பேனாவையும் நீட்டினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வசனத்தை ஒத்திகை பார்த்திருந்தேன். “மேடம், ஸ்நாக் ஃபினிஷ். சைன் ப்ளீஸ்.”

மேடம் சிரித்துக்கொண்டே வாங்கினார். அட்டையில் இருந்தது அவருடைய கையெழுத்து. அதை அவர் அடையாளம் கண்டுகொண்ட நேரத்தை நான் பார்த்தேன். மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

புட்டி வேலை தெரிந்த எவனும் மறக்கக் கூடாத ஒன்றை மறந்திருந்தேன். ஈரத்தில் இருக்கிற கலர் வேறு, காய்ந்த பிறகு வருகிற கலர் வேறு. நான் பிடித்த மண் நிறம் இரண்டு நாளில் காய்ந்து பளபளவென்று மஞ்சளாகிவிட்டது. ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் பொன் வட்டம். புத்தகம் படிக்கிறவனுக்கு ஒன்று. கேட்கிற எட்டுப் பேருக்கும் ஆளுக்கொன்று. காலண்டர் சாமிகளுக்கு இருக்குமே, அதே ஒளிவட்டம். நாய்க்குத்தான் இருப்பதிலேயே கெட்டியானது.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். ஃபர்ஹானா ஓடி வந்தார். இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். பிறகு ஃபர்ஹானா என்னிடம் வந்து, கோபமா அழுகையா என்று தெரியாத குரலில் கேட்டார்: “அங்கிள், ஒய்? யார் இதைச் செய்யச் சொன்னாங்க?”

“டேப்பு…” என்றேன்.

“அது லேபிளுக்கு அங்கிள். ஒரு நாள் வேலை எங்க முடியுது, அடுத்த நாள் எங்க ஆரம்பிக்குதுன்னு மக்கள் பாக்கணும். அந்தக் கோட்டைக் காட்டத்தான் இந்தச் சுவரே.”

ஜாயின்டைக் காட்டவா? ஜாயின்டைக் காட்டுவதற்கென்று ஒரு சுவரா? எனக்குத் தலை சுற்றியது, ருவைஸ் மாதிரியே. மூலையில் நான் மூடிய சிவப்புக் கிறுக்கல், வரைவதற்கு முன் போடும் மாதிரிக் கோடாம். வேண்டுமென்றே விட்டு வைத்தது.

மேடம் தரையில் இருந்தபடியே ஏதோ சொன்னார். ஃபர்ஹானா மொழிபெயர்த்தார். “மேடம் என்ன சொல்றாங்கன்னா, இந்த மாதிரிப் படத்துக்கு முன்னாடி காலத்துல படம்னா தங்க வட்டத்தோட சாமிங்கதான் அங்கிள். அப்புறம் பழைய புஸ்தகங்களையெல்லாம் தேடித் தேடிப் படிச்சாங்க. கொஞ்சம் கொஞ்சமா அந்த வட்டம் மெலிஞ்சு, காணாமப் போயி, சாதாரண மனுஷங்க வந்தாங்க. எக்சிபிஷனோட பாயிண்டே அதான். நீங்க ஒரே நாள்ல எல்லாரையும் திருப்பி சாமியாக்கிட்டீங்க.”

மேடம் தரையோரத்தைக் காட்டி இன்னொன்றும் சொன்னார்.

“நாயையும்” என்றார் ஃபர்ஹானா. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்.

இக்பால் பாய் வந்தார். அவர் உருதுவில் சொன்னதை எழுதினால் வாப்பா படித்துக் காட்ட மாட்டார். சுருக்கமாக, என் பரம்பரையில் மூளை உள்ளவர்கள் யாராவது உண்டா என்று விசாரித்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து பட்டியலை எடுத்து, செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் என் பெயரை எழுதினார். எழுதியதை எனக்குக் காட்டவும் செய்தார்.

அப்போதுதான் மேடம் எழுந்தார். படிக்கிறவனின் தலைக்குப் பின்னால் நகத்தால் புட்டியைச் சுரண்டிப் பார்த்தார். பஞ்சில் தண்ணீர் தொட்டு ஒற்றினார். புட்டி இளகியது, அடியில் படம் பத்திரமாக இருந்தது. என்னைப் பார்த்து விரலை நீட்டி, ஃபர்ஹானாவிடம் ஒன்று சொன்னார். என்ன கலவை என்று போட்டவனுக்குத்தான் தெரியும், எடுத்து முடிக்கும்வரை இந்த ஆள் எங்கேயும் போகக் கூடாது என்று. செவ்வாய்க்கிழமை பஸ் நானில்லாமல் போனது.

ஏழு நாள் நானும் மேடமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒளிவட்டம் எடுத்தோம். அவருக்கு இத்தாலியனும் ஆங்கிலமும். எனக்குத் தமிழும், சைட்டுக்குப் போதுமான இந்தியும். பஞ்சு, தண்ணீர், சின்னக் கத்தி. மேடம் “பியானோ, பியானோ” என்பார். மெதுவாக என்று அர்த்தமாம். இங்கே நான் வந்த நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் ஜல்தி, யல்லா என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மெதுவாகச் செய் என்று ஒரு மேலதிகாரி சொல்லி அப்போதுதான் கேட்டேன்.

இடையிடையே ஃபர்ஹானா வந்து கதை சொல்வார். அந்தப் பழைய புத்தகங்களில் பலவற்றை அரபுக்காரர்கள்தான் மொழிபெயர்த்துக் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை. அந்தக் காலத்து ஓவியர்களுக்கும் பணக்காரர் ஒருவர் இருப்பாராம். எத்தனை தலை வரைய வேண்டும், நீலம் எங்கே அடிக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவாராம்.

“அப்ப அவங்களுக்கும் கஃபீல் உண்டா?” என்று, விசா கொடுத்து எங்களை வைத்திருக்கும் முதலாளியை நினைத்துக் கேட்டுவிட்டேன். நானாகக் கேட்ட முதல் கேள்வி.

ஃபர்ஹானா அதை மேடத்துக்குச் சொன்னார். அந்த ஏழு நாளில் மேடம் சிரித்தது அப்போதுதான். “கிட்டத்தட்ட அப்படித்தானாம் அங்கிள். பாதியில விட்டுட்டு ஓடிப்போனவங்களும் உண்டாம்.”

ஒன்பது பேரும் மனிதர்களானார்கள். மூலையின் சிவப்புக் கோட்டை மேடம் மறுபடி போட்டார். நாய் மட்டும் வரவில்லை. நான் கலந்த பசை அப்படி. சுரண்டினால் நாயின் காதும் சேர்ந்து வந்துவிடும். திறப்புக்கு முந்தின நாள் மேடம் கத்தியைக் கீழே வைத்தார். நீல டேப் ஒரு துண்டு கிழித்து, 15 என்று எழுதி, நாயின் பக்கத்தில் ஒட்டினார். அதற்கும் ஒரு லேபிள் வந்தது. ‘பதினைந்தாம் நாள்: பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது’ என்று அதில் எழுதியிருந்ததாக ஃபர்ஹானா சொன்னார். பெயர் போடவில்லை. அந்த மட்டும் நிம்மதி.

திறப்பு விழா முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை இக்பால் பாய் என்னை மறக்கவில்லை. மேடம் அதற்குள் ஊருக்குப் போய்விட்டார். செப்டம்பரும் அக்டோபரும் ருவைஸ். அதே சாரம், அதே வெயில். காலண்டரில் மட்டும் கோடை முடிந்திருந்தது. செல்வராணியிடம் சொல்லவில்லை. ஒருநாள் மதிய இடைவேளையில் அவளே கூப்பிட்டாள். சாரத்துக்குக் கீழே நிழல் தேடி உட்கார்ந்து எடுத்தேன். கடல் காற்று தார்ப்பாயைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“என்னாங்க, ஏசி இவ்வளவு சத்தம் போடுது?” என்றாள்.

பழைய ஏசி என்றேன்.

“ஏசியில மணல் அடிக்குமா? தூ தூன்னு துப்புறீங்க?”

எத்தனை நேரம்தான் பொய் சொல்வது? களைத்துவிட்டது. டேப்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.  

“நாய்க்குமா?” என்றாள்.

“நாய்க்கும்தான்.”

அப்புறம் அவள் சிரித்தாள். இருபத்தைந்து வருடக் கல்யாணத்தில் அவ்வளவு நேரம் சிரித்து நான் கேட்டதில்லை. நடுவில் மூச்சு வாங்கி, “ஒரு வார்த்தை கேக்க முடியல ஒங்களால, ஒரே ஒரு வார்த்தை” என்றாள். அது சிரிப்பில் சேர்த்தியில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். மூச்சு திரும்பியதும் மறுபடி சிரித்தாள். மதிய இடைவேளை அதோடு முடிந்தது. மறுபடி சாரத்தில் ஏறினேன்.

அக்டோபர் முடிந்ததும் பத்து நாள் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வாசலுக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தெருநாய் வரும். செல்வராணி கதையைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள், யாரும் இப்போது அதை நாய் என்று சொல்வதில்லை. என் மகள், பேரன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் அது சாமிதான். பசியோடு நான் இலை முன்னால் உட்கார்ந்தால், செல்வராணி சோற்றுச் சட்டியோடு என்னைத் தாண்டி வாசலுக்குப் போகிறாள். திரும்பி வந்து முகத்தை வெகு பக்தியாக வைத்துக்கொண்டு சொல்கிறாள்: “சாமிக்குப் படைச்சாச்சு. இனிமே நீங்க சாப்பிடலாம்.”

எழுதியது: அபுதாபி, ரூமில், நவம்பர் 14, வெள்ளிக்கிழமை.